சுற்றிலும் மெழுகு பூசி விற்கப்படும் பாஸ்வுட் கட்டைகள்: பறவை செதுக்குவோர் கவனத்துக்கு

மரத்தில் பறவைகளைச் செதுக்கி வண்ணம் தீட்டும் பழக்கம் உள்ளவர்கள், பாஸ்வுட் என்ற மென்மையான மரத்தின் கட்டைகளை இணையத்தில் வாங்கும் முன் இதை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. விற்பனையாளரின் பெயரை நான் இங்கே குறிப்பிடப்போவதில்லை. எனக்கு நேர்ந்ததையும், அதை நான் எந்த இடத்தில் தடுத்திருக்கலாம் என்பதையும் மட்டும் எழுதுகிறேன்.

'சூளையில் உலர்த்திய முதல்தர பாஸ்வுட்' என்ற விளம்பரத்தைப் பார்த்து, 10 சென்டிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் 30 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட மூன்று கட்டைகளை வரவழைத்தேன். மூன்றும் ஆறு பக்கங்களிலும் மெழுகு பூசப்பட்டு வழவழப்பாக வந்து சேர்ந்தன. கட்டையின் இரு வெட்டுமுகங்களில் மெழுகு பூசுவது வழக்கம்தான். நீர் அந்த முனைகள் வழியாகவே மிக விரைவாக வெளியேறும் என்பதால், முனை வெடிக்காமல் இருக்க அப்படிச் செய்வார்கள். ஆனால் நான்கு பக்கவாட்டிலும் மெழுகு இருந்தால், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லை. ஏற்கெனவே உலர்ந்த மரம் என்றால் அதை ஏன் இப்படி முழுவதுமாகப் பொதிய வேண்டும் என்ற கேள்வி அப்போது எனக்குத் தோன்றவில்லை. மாறாக, மிகுந்த அக்கறையோடு அனுப்பியிருக்கிறார்கள் என்று மகிழ்ந்துபோனேன்.

முதல் கட்டையில் ஒரு வாத்தைச் செதுக்கினேன். உளி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. பாஸ்வுட் இயல்பிலேயே மென்மையான, நெருக்கமான நார் கொண்ட மரம் என்பதால் அதில் எனக்கு ஐயம் எழவில்லை; ஈரமரமும் அப்படித்தான் வெட்டுப்படும் என்பது தெரிந்திருந்தும் அதை நினைத்துப் பார்க்கவில்லை. ஆறு வாரம் உழைத்து, மரத்தைச் சுட்டுக் கோடு இழுக்கும் சூட்டுப் பேனாவால் இறகின் இழைகளை ஒவ்வொன்றாகக் கீறி, மரத்தின் மேற்பரப்பை அடைக்கும் சீலர் பூசி, அக்ரிலிக் வண்ணத்தை மெல்லிய அடுக்குகளாக ஏற்றி முடித்தேன். அடுத்த இரண்டு மாதங்களுக்குள் மார்பிலிருந்து வால்வரை ஒரு வெடிப்பு ஓடியது. முதலில் மயிரிழைபோல் இருந்தது, பிறகு தீக்குச்சியின் முனை நுழையும் அளவுக்கு விரிந்தது.

அது ஏன் வெடித்தது என்பதை மரத்தின் இயல்பே சொல்லும். ஈரமரம் முழுமையாக உலரும்போது அமெரிக்க பாஸ்வுட் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் ஏறத்தாழ 9 விழுக்காடும், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏறத்தாழ 6.5 விழுக்காடும் சுருங்குகிறது. நீளவாக்கில் சுருக்கம் மிகவும் சொற்பம். இந்த இரண்டு சுருக்கங்களும் சமமாக இல்லாததால், மரத்தின் நடுமையத்தை, அதாவது ஆண்டு வளையங்களின் மையப்புள்ளியை, உள்ளடக்கிய கட்டை பெரும்பாலும் எங்காவது ஓரிடத்தில் பிளந்துவிடும். என் வாத்தின் அடிப்பகுதியைச் சுரண்டிப் பார்த்தபோது நடுமையம் அதன் வயிற்றுக்குள்ளேயே இருந்தது. பெரிய பறவைகளின் உடலைக் குடைந்து செய்பவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. நான் முழுக்கட்டையாகவே விட்டுவிட்டேன். அது என் தவறு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது கட்டை பாஸ்வுட்டே அல்ல. அதில் ஒரு மீன்கொத்தியைச் செதுக்கியபோது, சூட்டுப் பேனா சில இடங்களில் ஆழமாக இறங்கியும் சில இடங்களில் வழுக்கியும் சென்றது. மென்மையும் கடினமும் பட்டை பட்டையாக மாறி மாறி வந்ததே அதற்குக் காரணம். வெள்ளைத் தொண்டைக்கு மூன்று முறை வண்ணம் பூசியும், சில நாட்களில் மஞ்சள் கறை ஒன்று உள்ளிருந்து மேலே கசிந்து வந்தது. அங்கே ஒரு சிறு கணுவும் அதைச் சுற்றிப் பிசினும் இருந்தன. கட்டையின் முனையைக் கூரிய கத்தியால் சுத்தமாகச் சீவி, பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் வைத்துப் பார்த்தேன். பாஸ்வுட் என்றால் ஊசி குத்தியதுபோல் நுண்துளைகள் பரவலாகத் தெரிய வேண்டும். இதில் அவை இல்லை. ஆங்காங்கே பிசின் குழாய்கள் மட்டுமே தெரிந்தன. அது பைன் வகை மரம். பைனில் நல்ல பறவைகளைச் செய்தவர்கள் உண்டு, குறிப்பாக வேட்டையில் நிஜ வாத்துகளை ஈர்க்க வைக்கும் பொய்வாத்துகள் பைனிலும் சிடாரிலும் நெடுங்காலமாகச் செய்யப்படுகின்றன. ஆனால் நுண்ணிய இறகு வேலைக்கு நான் கேட்டது அது அன்று.

படங்களுடன் விற்பனையாளருக்கு எழுதினேன். 'மரம் என்றால் வெடிக்கத்தான் செய்யும்' என்பது முதல் பதில். பைன் கட்டையைப் பற்றிக் கேட்டதற்கு, 'எப்படியும் பெயின்ட் அடிக்கப் போகிறீர்கள், எந்த மரமாக இருந்தால் என்ன?' என்று எழுதினார்கள். கருவி பட்ட மரத்தைத் திருப்பி எடுப்பதில்லை என்ற நிபந்தனையையும் கடைசியில் காட்டினார்கள். அந்த இரண்டாவது பதில்தான் இன்றும் என்னை உறுத்துகிறது. வண்ணம் மரத்தின் ரேகையை மறைக்கும், அதன் அசைவை மறைக்காது. இயற்கை நிறத்திலேயே விடப்படும் வால்நட் பறவையில் மெல்லிய வெடிப்பு ரேகையோடு ரேகையாகக் கலந்துவிடக்கூடும், வண்ணப் பறவையிலோ அது கோடு போட்டதுபோல் தெரியும்.

நிபந்தனை அப்படி இருப்பதால், சோதனை அனைத்தையும் உளி படும் முன்பே முடித்துவிட வேண்டும். எளிதான சோதனை எடைதான். உலர்ந்த பாஸ்வுட் கன மீட்டருக்கு 400 கிலோவை ஒட்டி இருக்கும்; ஆகவே நான் வாங்கிய அளவுள்ள கட்டை 1,200 முதல் 1,300 கிராம்வரை இருக்கலாம். தொடாமல் வைத்திருந்த மூன்றாவது கட்டையை நிறுத்தேன்: 1,560 கிராம். திருப்பி எடுக்க மாட்டார்கள் என்று தெளிவாகிவிட்டதால் அதன் நடுவிலிருந்து ஒரு துண்டை அறுத்து, அடுப்பில் 103 டிகிரி செல்சியசில், எடை குறைவது நிற்கும்வரை வைத்தேன். 96 கிராம் 60 கிராமாக இறங்கியது. இழந்த 36 கிராமை உலர்ந்த எடையான 60 ஆல் வகுத்தால் ஈரப்பதம் 60 விழுக்காடு. சூளையில் உலர்த்திய மரத்தில் அது 6 முதல் 8 விழுக்காடுவரை இருப்பதே முறை.

வேறு மரத்துக்கு மாறலாமா என்று என்னிடம் கேட்டவர்களுக்கு ஒரு சொல். சுழல் கருவியால் செதுக்குபவர்களுக்கு டூப்பலோ என்ற மரம் பாஸ்வுட்டைவிட ஏற்றது. அதில் நார் சிலும்புவது குறைவு. ஆனால் சதுப்பு நிலத்தில் வளரும் அந்த மரத்தின் பருத்த அடிப்பகுதியே இலகுவானது, மேல்தண்டைக் கொடுத்து ஏமாற்றவும் இடமுண்டு. ஜெலுட்டாங் மரமும் நன்றாகச் செதுக்க வரும், பால் ஓடிய பிளவுத் துளைகளை மட்டும் அடைத்துவிட வேண்டும். மிக இலேசான பால்சா மரம் அலகுக்கும் வாலுக்கும் தாங்காது. எதை வாங்கினாலும் வெட்டுமுகத்தின் படத்தை முன்கூட்டியே கேளுங்கள். மெழுகு பூசாத நிலையில் எடுத்த படமாக இருக்கட்டும்.

மூன்றாவது கட்டையின் எஞ்சிய பகுதியை நடுமையத்தின் வழியே நீளவாக்கில் இரண்டாக அறுத்து, பக்கங்களில் இருந்த மெழுகைச் சுரண்டிவிட்டு, முனைகளில் மட்டும் புதிதாகப் பூசி, காற்றோட்டமான நிழலில் அடுக்கிவைத்திருக்கிறேன். ஒவ்வொரு வாரமும் எடையைப் பென்சிலால் அதன் மேலேயே எழுதுகிறேன். இரண்டு பாதிகளும் சேர்ந்து 1,310 கிராமில் தொடங்கி இப்போது 1,120 கிராமுக்கு வந்திருக்கின்றன. இறங்குவது இன்னும் நிற்கவில்லை.