சென்னை வானொலிக்கு எந்த டிரான்சிஸ்டர்?

பெங்களூரு அல்சூரில் எங்கள் மொட்டை மாடியில் இரவு எட்டு மணிக்கு மேல் சென்னை வானொலி வரும். மத்திய அலை, 720 கிலோஹெர்ட்ஸ். அதைக் கெடுப்பது பெங்களூரு நிலையத்தின் 612. உள்ளூர் நிலையத்தின் பலத்துக்கு முன்னால், கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர் தாண்டி வருகிற அலை எம்மாத்திரம்? மரச்சட்டத்தில் கம்பி சுற்றி ஒரு லூப் ஏரியல் செய்தேன். அதன் பின்னால் ஒற்றை டிரான்சிஸ்டரில் ஒரு முன்பெருக்கி, அதாவது ரேடியோவுக்கு முன்னால் சமிக்ஞையைப் பெருக்கும் சுற்று, வைக்க வேண்டும். பிசி 547, பிஎஃப் 494, பிஎஃப்டபிள்யு 10 என்று மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

பிசி 547 பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எங்கும் கிடைக்கும், சல்லிசு, கருகினால் வருத்தமும் இல்லை. இரைச்சல் குறைவு என்று இதன் தம்பி பிசி 549-ஐச் சிலர் சிபாரிசு செய்வார்கள். அந்தப் பெருமை ஒலி அதிர்வெண்ணுக்குச் சொல்லப்பட்டது. மத்திய அலையில் வானத்திலிருந்து வருகிற இரைச்சலே டிரான்சிஸ்டரின் இரைச்சலை மூழ்கடித்துவிடும்.

பிஎஃப் 494 ரேடியோவுக்கென்றே பிறந்தது. டிரான்சிஸ்டரின் மூன்று கால்களான கலெக்டர், பேஸ், எமிட்டரில் முதல் இரண்டுக்கும் இடையிலான கொள்திறன் மிகக் குறைவு என்பதால் சிற்றலையில் இது நிதானமாக வேலை செய்யும். ஆனால் இதில் எமிட்டர் நடுக்காலில் இருக்கிறது; பிசி 547-இல் நடுக்கால் பேஸ். இதை மறந்து அப்படியே மாற்றிச் செருகிவிட்டு, ஒரு மாலை முழுவதும் மற்ற பாகங்களைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

இந்த இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. என் முடிவைத் தீர்மானித்ததும் அதுதான். என் லூப்பின் தூண்டல் ஏறக்குறைய 240 மைக்ரோஹென்றி. நிலையம் பிடிக்கும் கேங் கண்டன்சரைத் திருப்பி 720-க்கு இசைத்தால், அந்த அதிர்வெண்ணில் லூப்பின் மறிப்பு சுமார் 1,100 ஓம். சுருளின் கியூ, அதாவது இசைவின் கூர்மை, 150 என்று வைத்துக்கொண்டால், அது உள்ளே விடும் பட்டை அகலம் 5 கிலோஹெர்ட்ஸுக்கும் குறைவு. 108 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிற்கிற 612 நன்றாகவே அடங்கிவிடும். இப்போது அதே சுருளின் இரு முனைகளுக்குக் குறுக்கே ஒரு பிசி 547-இன் பேஸை, அதாவது சமிக்ஞை நுழையும் காலை, இணையுங்கள். ஒரு மில்லியாம்பியர் ஓட்டத்தில் அது 5 கிலோ ஓம் அளவுக்குத்தான் தடை காட்டும். கியூ 150-லிருந்து 4, 5 என்று விழுந்துவிடும். பட்டை அகலம் 150 கிலோஹெர்ட்ஸ். சென்னைப் பாட்டின் அடியில் கன்னடச் செய்தி கேட்டதன் காரணம் இதுதான். போதாக்குறைக்கு, பேஸில் சில மில்லிவோல்ட் ஏறினாலே இவ்வகை டிரான்சிஸ்டர் சமிக்ஞையை உருக்குலைக்கத் தொடங்கும்.

தனியாக ஒரே ஒரு சுற்று கம்பி சுற்றி அதிலிருந்து பேஸுக்கு எடுத்தால் இந்தப் பாரம் குறையும். செய்தும் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. ஆனால் சமிக்ஞையும் சுற்றுகளின் விகிதத்தில் இறங்கிவிடுகிறது.

பிஎஃப்டபிள்யு 10 புலவிளைவு டிரான்சிஸ்டர். அதன் கேட், பேஸைப் போன்ற உள்ளீட்டுக் கால், மின்னோட்டத்தையே இழுப்பதில்லை என்று சொல்லலாம். ஒரு மெகா ஓம் தடை போட்டு நேரே சுருளின் மேல் வைத்தேன். கியூ பெரும்பாலும் தங்கிவிட்டது. கேங்கைத் திருப்பும்போது சென்னை கூர்மையாக வந்து கூர்மையாகப் போகிறது. மின்னணு உதிரிபாகக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் இதைக் கேட்டபோது கடைக்காரர், "கல்லூரி லேபுக்கா சார்?" என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான், பொறியியல் மாணவர்களைத் தவிர இப்போது இதை யார் வாங்குகிறார்கள்? பத்து பிசி 547 வாங்குகிற காசு இதன் ஒன்றுக்குப் போதவில்லை.

இதில் தொல்லையும் உண்டு. கேட்டையும் சோர்ஸையும் (எமிட்டரைப் போன்ற கால்) சேர்த்தால் ஓடும் மின்னோட்டம் 8 முதல் 20 மில்லியாம்பியர் வரை எதுவாகவும் இருக்கலாம் என்கிறது தரவுத்தாள். ஆகவே வாங்கியதை முதலில் மீட்டரில் அளந்துவிடுங்கள். எனக்குக் கிடைத்தது 12. சோர்ஸில் 680 ஓம் போட்டதும் 3 மில்லியாம்பியரில் நின்றது. நான்காவது கால் உலோகக் கூட்டுக்கானது. அதைத் தரையில் இணைக்க மறக்காதீர்கள்.

சிற்றலையில் 41 மீட்டரைத் தாண்டி இன்னும் உயர்ந்த அதிர்வெண்களுக்கு நான் போனதில்லை. அங்கே பிஎஃப் 494 முந்தக்கூடும் என்றே நினைக்கிறேன்.

பிசி 547-ஐத் தூக்கி எறியவில்லை. பிஎஃப்டபிள்யு 10-க்குப் பின்னால், கீழ் அறைக்கு இறங்கும் கேபிளை ஓட்டும் வேலையில் அது இருக்கிறது. மிச்சமிருக்கிற கன்னடச் செய்தியை லூப்பைச் சற்றே திருப்பித்தான் அடக்க வேண்டும். அதற்கு மாடிக்கு ஏறிப் போக வேண்டியிருக்கிறது.