மங்கலான திரையோடு நான்கு ஆண்டுகள்

2020 இறுதியில், வகுப்புகள் இணையவழிக்கு மாறியிருந்த காலத்தில் வாங்கிய மடிக்கணினியையே இலங்கையின் மலையக நகரான ஹட்டனிலுள்ள எமது வீட்டில் நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்படுத்தி வருகிறேன். கடையின் குழல்விளக்கின் கீழ் பளிச்சென்று தெரிந்த திரை, வீட்டு யன்னலோரம் வந்ததும் வெளிறிப்போனது. மூடுபனி நாளில் வெளிச்சம் குறைவு என்றுதான் நாம் எண்ணுகிறோம். ஆனால் பனி ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதால் யன்னல் முழுவதும் வெள்ளைவெளேரென்றாகி, அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் திரை மேலும் மங்கலாகத் தெரிகிறது.

கணித வினாத்தாள்களைத் தமிழில் தட்டச்சு செய்வது என் அன்றாட வேலை. மங்கிய திரையில் முதலில் காணாமற்போவது மெய்யெழுத்தின் புள்ளிதான். ஒருமுறை ‘வட்டத்தின்’ என்ற சொல் ‘வடடத்தின்’ என்று இருந்ததை, பிரதிகள் அச்சாகிப் பிள்ளைகளின் கைக்குப் போன பின்னரே கண்டேன். அன்றைய வருத்தம்தான் காரணத்தைத் தேட வைத்தது.

மின்னிணைப்பைக் கழற்றியதும் திரை தானாக மங்கியது. கருமையான பக்கத்தைத் திறந்தால் இன்னும் மங்கியது. விண்டோஸின் பற்றரி சேமிப்பு வசதி பிரகாசத்தைக் குறைப்பது ஒன்று. இன்டெல் கிராபிக்ஸ் மென்பொருளிலுள்ள திரை மின்சேமிப்பு, பற்றரியில் இயங்கும்போது காட்சிக்கேற்பப் பின்னொளியை, அதாவது திரைக்குப் பின்னாலிருந்து ஒளிரும் விளக்கை, தாழ்த்துவது மற்றொன்று. இரண்டையும் நிறுத்தியதும் நிலைமை ஓரளவு சீரானது. ஆயினும் 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது, பற்றரியைக் காப்பாற்ற நானே அவற்றை மீண்டும் இயக்க வேண்டியிருந்தது.

எஞ்சிய குறை திரையுடையது. விலை குறைந்த மடிக்கணினிகள் பலவற்றின் திரைகள் 220 முதல் 250 நிட்ஸ் வரைதான் ஒளிர்கின்றன. நிட் என்பது திரைப் பிரகாசத்தை அளக்கும் அலகு; ஒரு நிட் சதுர மீற்றருக்கு ஒரு கண்டெலா. வாங்கும்போது நினைவகத்தையும் வேகத்தையும் கேட்ட நான் இதைக் கேட்கவில்லை. கடையிலும் யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் ஆண்டு மழைக்காலத்தில் திரை ஏறத்தாழ முழுவதும் இருண்டது. முதலில் பார்த்த திருத்துநர் மதர்போர்ட் போய்விட்டதாகக் கூறினார். நான் நம்பாமல், இரவில் அறை விளக்கை அணைத்து, கைபேசி விளக்கைத் திரைமீது சாய்வாகப் பிடித்துப் பார்த்தேன். முகப்புப் படமும் சின்னங்களும் நிழல்போலத் தெரிந்தன. படம் வருகிறது, பின்னொளிதான் இல்லை என்பது அதன் பொருள். வேறொருவர் திறந்து பார்த்தபோது, மூடித் திறக்கும் கீல் அருகே திரைக் கேபிள் நைந்திருந்தது.

கேபிளோடு திரையையும் மாற்றச் சொன்னேன். பழைய திரையின் பின்புறம் ஒட்டியிருந்த மாதிரி எண்ணைக் குறித்து, அதே அளவும் அதே 30 ஊசி இணைப்பும் கொண்ட, பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் தெளிவாகத் தெரியும் ஐபிஎஸ் (IPS) வகையைச் சேர்ந்த 300 நிட்ஸ் திரையைத் தேடி வாங்கினோம். பளபளப்பற்ற மேற்பரப்பாக இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். யன்னல் பிரதிபலித்தால் கூடுதல் பிரகாசத்தாலும் பயனில்லை.

இப்போது மேசையைச் சுவரோரம் திருப்பி, யன்னல் பக்கவாட்டில் வருமாறு வைத்திருக்கிறேன். பகலில் 80 சதவீதப் பிரகாசம் போதுமானதாக இருக்கிறது. பற்றரி முன்பைவிடச் சற்று விரைவாகக் குறைகிறது. ஆனால் புள்ளிகள் தெரிகின்றன.