தீ, மீன், வேலி: மூன்று காட்டு நாவல்களில் விடாமுயற்சி

சிறார் நாவலில் விடாமுயற்சி சரியாக வந்திருக்கிறதா என்று அறிய, முதல் தோல்விக்கும் அடுத்த முயற்சிக்கும் நடுவே என்ன மாறியது என்று பாருங்கள். எதுவும் மாறாமல் பல்லைக் கடித்துக்கொண்டு ஜெயிப்பதாக எழுதினால் அது வெறும் அதிர்ஷ்டக் கதை. அமெரிக்கச் சிறார் இலக்கியத்தின் மூன்று நாவல்களை இந்தக் கேள்வியோடு ஒப்பிடலாம்.

கேரி பால்சனின் 'ஹேட்செட்' (1987) இதில் மிகத் துல்லியமானது. விமானி மாரடைப்பில் இறந்துபோக, 13 வயது பிரையன் கனடாவின் வடகாட்டு ஏரி ஒன்றில் விமானத்தோடு விழுகிறான். இடுப்பில் ஒரு கைக்கோடரி, அவ்வளவுதான். இரவில் குகைக்குள் வந்த முள்ளம்பன்றியை நோக்கி அதை வீசும்போது பாறையில் பட்டுப் பொறி பறக்கிறது. மறுநாள் காய்ந்த புல்லில் பொறியை விழவைக்கிறான், அணைகிறது. சுள்ளி, அதுவும் இல்லை. இருபது டாலர் நோட்டைக் கிழித்துப் போடுகிறான்; பயனில்லை. பிறகு பூர்ச்ச மரப்பட்டையை மயிரிழையாக உரித்துப் பந்தாகச் சுருட்டுகிறான். பொறி கனன்று மறுபடி அணைகிறது. குறைவது காற்று என்று புரிந்து மெல்ல ஊதிய பிறகே தீ பிடிக்கிறது. ஒவ்வொரு தோல்வியும் ஒரு காரணத்தை நீக்குகிறது. மீன்பிடிப்பதும் இப்படியே. ஈட்டி மெதுவாகப் போகிறது, வில் செய்கிறான், முதல் வில் சிதறுகிறது, இன்னொன்று செய்கிறான், அம்பும் தவறுகிறது. நீரில் ஒளி விலகுவதால் மீன் இருக்கும் இடத்துக்கு மேலே தெரிகிறது என்று உணர்ந்து, கீழே குறிவைத்த பின்தான் சாப்பாடு.

ஒரு எச்சரிக்கை. இரும்பை உரசி வரும் பொறி கரியாக்காத மரப்பட்டையில் எளிதில் பற்றாது. கரியாக்கிய பருத்தித் துணியோ, மரத்தில் வளரும் காளானோதான் அந்தப் பொறியைப் பிடித்துவைக்கும். நாவல் இங்கே கொஞ்சம் தாராளமாக நடந்துகொள்கிறது.

ஜீன் கிரெய்க்ஹெட் ஜார்ஜின் 'மை சைடு ஆஃப் தி மவுண்டன்' (1959) வேறு வகை. சாம், நியூயார்க் நகரை விட்டுத் தானாகவே கேட்ஸ்கில் மலைக்குப் போகிறான். பேனாக்கத்தி, கயிற்றுப் பந்து, கோடரி, சக்கிமுக்கிக் கல், 40 டாலர் என்று தயாரிப்போடு போகிறான். முதல் இரவு தீ மூட்ட வரவில்லை. அருகில் வசிக்கும் ஒருவரிடம் கற்றுக்கொள்கிறான். கேட்டுக் கற்பதும் விடாமுயற்சியில் சேரும் என்பதைக் காட்டும் அருமையான இடம் இது. குடைந்த மரத்துக்குள் அடுப்பு மூட்டி மூச்சுத் திணறியபோது காற்றுத் துளை இடுகிறான். ஆனாலும் நினைத்தால் வீடு திரும்பலாம் என்பதால், தோல்வியின் கனம் இதில் குறைவு. காட்டு அறிவுக்காக இதைப் படிக்கலாம், உறுதிக்கு இது முதல் தேர்வல்ல.

ஸ்காட் ஓ'டெல்லின் 'ஐலண்ட் ஆஃப் தி புளூ டால்ஃபின்ஸ்' (1960) மூன்றில் ஆழமானது. கலிபோர்னியாக் கடலில் சான் நிக்கோலஸ் தீவில் 1835 முதல் 1853 வரை தனியே வாழ்ந்த பெண்ணின் உண்மை வரலாற்றின் மேல் எழுந்த கதை. பெண்கள் ஆயுதம் செய்தால் ஆபத்து வேளையில் அது முறியும் என்பது நாயகி கரானாவின் குலத்தின் நம்பிக்கை. தம்பியைக் காட்டுநாய்கள் கொன்ற பின், பயந்துகொண்டேதான் அவள் ஈட்டி செய்கிறாள். தடை கைகளில் இல்லை, மனத்தில் இருக்கிறது. மற்ற இரண்டிலும் இந்த அடுக்கு கிடையாது. தோணியில் தப்பப் பார்க்கிறாள். பலகை இடுக்கில் நீர் ஏற, திரும்பிவிடுகிறாள். திரும்புவது சரியான முடிவு. அதற்குப் பிறகுதான் தீவையே வீடாக்க முடிவெடுத்து, திமிங்கில விலா எலும்புகளை வெளிப்பக்கம் வளையும்படி நட்டு, காயக் காய இறுகும் கடற்பாசியால் கட்டி வேலி எழுப்புகிறாள். மீட்க யாரும் வராத வருடங்களைக் கடப்பது, பிரையன் காட்டில் தனியே கழித்த 54 நாட்களைக் கடப்பதைவிடக் கடினம். அந்த நீளத்தை ஓ'டெல் அவசரமில்லாமல் எழுதுகிறார்.

தானாகப் படிக்கத் தொடங்கும் 11, 12 வயதுப் பிள்ளைக்கு 'ஹேட்செட்' கொடுங்கள். நீளமும் குறைவு, காரணகாரியம் கண்முன் நிற்கும். ஒன்று மட்டும்: தேடிவந்த விமானம் திரும்பிப் போன பிறகு பிரையன் உயிரை விட முயன்ற இடம் ஒன்று வருகிறது. கொடுப்பவர் முதலில் படித்துவிட்டு, அந்தப் பகுதியைப் பிள்ளையோடு சேர்ந்து பேச வேண்டும். கரானாவின் கதையை 13 வயதுக்கு மேல், பொறுமையாகப் படிப்பவருக்குக் கொடுக்கலாம். தம்பியின் சாவு தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது என்பதை முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.