ஒரே பட்டம், இரண்டு பிரபுக்கள்: தாம்சன் தந்தையும் மகனும்

பிரிட்டனின் பரம்பரைப் பிரபுப் பட்டத்துக்காக எதையும் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தவர் கனடாவின் பத்திரிகை அதிபர் ராய் தாம்சன். 1894இல் டொராண்டோவில் முடிதிருத்துபவரின் மகனாகப் பிறந்தார். 1931இல் வட ஒன்டாரியோவில் சின்னதாக ஒரு வானொலி நிலையம் தொடங்கினார். பிறகு பத்திரிகைகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தார். 1953இல் ஸ்காட்லாந்தின் 'ஸ்காட்ஸ்மன்', 1959இல் 'சண்டே டைம்ஸ்', 1966இல் 'தி டைம்ஸ்'. எழுபத்தைந்து வயதைத் தாண்டியும் வட கடல் எண்ணெயில் துணிந்து முதலீடு செய்தார். அந்த வயதில் அப்படி இறங்க எத்தனை பேருக்கு மனம் வரும்! 1964இல் பட்டம் கிடைத்தது. அதற்காகத் தன் கனடியக் குடியுரிமையையே இழந்தார்.

1976இல் ராய் இறந்ததும் மகன் கென்னத்துக்கு அதே பட்டம் தானாக வந்தது. வேண்டாம் என்று துறக்க 1963ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டிருந்தது. அவர் துறக்கவில்லை. ஆனால் பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் ஒருநாளும் போய் உட்காரவில்லை. கனடாவில் வெறும் கென் தாம்சனாகவே இருந்தார்.

தொழிலில்? 'தி டைம்ஸ்' தொழிலாளர் தகராறில் ஏறக்குறைய ஒரு வருடம் அச்சாகாமல் கிடந்தது. 1981இல் கென்னத் அதை ஊடக அதிபர் ரூபர்ட் மர்டாக்கிடம் விற்றார். தந்தை ஆசையாக வாங்கியதை விற்றுவிட்டாரே என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது. 2002இல் 4.95 கோடி பவுண்டு கொடுத்து பதினேழாம் நூற்றாண்டு ஓவியர் ரூபன்ஸின் ஓவியம் ஒன்றை வாங்கினார். அப்புறம் தன் கலைச் சேகரிப்பை ஒன்டாரியோ கலைக்கூடத்துக்கே கொடுத்தார். கட்டியெழுப்பிய துணிச்சலில் தந்தையே மேல். பட்டத்தைச் சுமந்த விதத்தில் எனக்குப் பிடித்தவர் மகன்தான்.