கலாசிபாளையத்திலிருந்து மதுரைக்கு ஓர் ஊஞ்சல்

பெங்களூரிலிருந்து தமிழ்நாட்டுக்கு இரண்டு மூன்று பெரிய சாமான் மட்டும் அனுப்ப வேண்டுமா? பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸைக் கூப்பிடுவதற்கு முன்னால் தனியார் பஸ் ஆபீஸ்கள் இருக்கும் கலாசிபாளையம் வரை ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.

இந்த முறை மெல்போர்னிலிருந்து நான் வந்ததே அல்சூரில் அம்மா இருந்த வாடகை வீட்டைக் காலி பண்ணத்தான். அம்மா இனி திண்டுக்கல் பக்கத்துச் சின்னாளபட்டியில் அக்காவோடு இருக்கப்போகிறாள். கட்டில், சோபா எல்லாம் அக்கம்பக்கத்திலேயே கைமாறிவிட்டன. விடமாட்டேன் என்று அம்மா பிடிவாதம் பிடித்தது மூன்றுக்கு: தேக்கு ஊஞ்சல் பலகை, காலால் மிதிக்கும் தையல் மெஷின், இரும்பு பீரோ. வந்து பார்த்த பேக்கர்ஸ் ஆள், சாமான் மூன்றானாலும் முப்பதானாலும் முழு வண்டி வாடகைதான் என்றார். அவர் சொன்ன தொகைக்குப் புது ஊஞ்சலே வாங்கிவிடலாம்.

ராத்திரி கிளம்பும் ஆம்னி பஸ்களில் பயணிகளின் பைகள் போக டிக்கியில் இடம் மிஞ்சும், அதில் பார்சல் ஏற்றுவார்கள். வண்டி எப்படியும் போகத்தான் போகிறது என்பதால் கூலி குறைவு. அரசுப் பேருந்துகளிலும் இது உண்டு. கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகம் 2021 பிப்ரவரியில் ‘நம்ம கார்கோ’வைத் தொடங்கியது. தமிழ்நாட்டு விரைவுப் பேருந்துகளில் 2022 ஆகஸ்டில் பார்சல் சேவை வந்தது. அட்டைப்பெட்டி அளவுக்கு அவை போதும். ஆறடிப் பலகைக்கு எனக்குத் தனியார் பஸ்ஸின் பார்சல் ஆபீஸ்தான் சரிப்பட்டது.

ஆபீஸ் என்பது பாதி ஷட்டர் இறக்கிய ஓர் அறை. மேஜையில் இருந்தவர் தர்மபுரிப் பக்கம். லோடு ஏற்றுகிறவர்களிடம் கன்னடத்தில் வேலை சொல்வார், திட்டுவதை மட்டும் தமிழில் வைத்துக்கொள்வார். தராசு ஒரு மூலையில் கிடந்தது, ஆனால் பலகையை யாரும் அதில் ஏற்றவில்லை. ஒருவர் முழங்கையை வைத்து அளந்து “நாலு முழம்” என்றார். பெரிய சாமானுக்கு எடையைப் பார்ப்பதில்லை, அடைக்கும் இடத்தைத்தான் பார்க்கிறார்கள்.

“சின்னாளபட்டிக்கா? திண்டுக்கல் பைபாஸ்ல விடியக்காலம் ரெண்டு நிமிஷம் நிக்கும் சார். தூக்கத்துல யாரு இதை இறக்குவா? மதுரைன்னு போடுங்க. அங்க ஆபீஸ் இருக்கு, ஆள் இருக்கு.”

வரைபடத்தில் பார்த்தால் இது கிறுக்குத்தனம். ஓசூர், சேலம், கரூர், திண்டுக்கல் என்று வரும் வண்டி சின்னாளபட்டியைத் தாண்டித்தான் மதுரைக்கே போகும். சாமான் அங்கே இறங்கி மறுபடி ஐம்பது கிலோமீட்டர் வடக்கே வர வேண்டும். ஆனால் அவர் சொன்னதுதான் சரி. நடுவழியில் ஒரு கவரை இறக்கலாம், தையல் மெஷினின் வார்ப்பிரும்பு ஸ்டாண்டை இறக்க முடியாது. பஸ் கடைசியாக நிற்கும் ஊரில் ஆபீஸ் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி, ரேட் அதற்கப்புறம்.

பேக்கிங் நம் பொறுப்பு. தையல் மெஷினின் தலையைத் திருகு கழற்றித் தனியாக எடுத்துத் துணி சுற்றிப் பெட்டியில் வைத்தோம். வாரையும் கழற்றியாயிற்று. மிதி ஆடாமல் கயிற்றால் இறுக்கிக் கட்டினோம், ஏனென்றால் வார்ப்பிரும்பு வளையாது, விழுந்தால் உடையும். பலகைக்குப் பழைய ஜமுக்காளம், அதன் மேல் சாக்கு, கோணி ஊசியால் தையல். ஊஞ்சலின் பித்தளைச் சங்கிலியை அம்மா யாரையும் நம்பிக் கொடுக்கவில்லை, தன் பையிலேயே வைத்துக்கொண்டாள்.

பீரோவை பஸ்காரர்கள் தொடவே இல்லை. நிமிர்த்தினால் டிக்கியில் நுழையாது, படுக்கவைத்தால் பயணிகள் பைக்கு இடமில்லை. அது லாரி சர்வீஸில் போனது, நிதானமாக.

காகித வேலை பெரிதில்லை, ஆனால் வெளிநாட்டிலிருந்து வருகிறவர் மாட்டிக்கொள்ளும் இடம் அதுதான். ஆதார் நகல் கேட்டார்கள், அம்மாவுடையதைக் கொடுத்தேன். குறுஞ்செய்தி வர உள்ளூர் எண் வேண்டும், அக்கா எண்ணைக் கொடுத்தேன். “புதுசா, பழசா?” என்று கேட்டதற்கும் காரணம் உண்டு. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட புதுச் சரக்கு என்றால் இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் மின்னணுச் சீட்டு) வேண்டும், புழங்கிய வீட்டுச் சாமானுக்கு விலக்கு. வெள்ளைத்தாளில் அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்வார்கள், யோசித்து எழுதுங்கள். 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டமும் அதன் விதிகளும், கூடுதல் மதிப்பைச் சொல்லிப் பதியாத சாமானுக்கு இழப்பீட்டைக் கூலியின் பத்து மடங்கோடு நிறுத்திவிடுகின்றன. கூலியே குறைவு என்னும்போது பத்து மடங்கு என்ன பெரிய தொகை?

பேட்டரி, பெயின்ட், கேஸ் உண்டா என்றும் கேட்டார். 2025 அக்டோபரில் கர்னூல் அருகே ஐதராபாத்–பெங்களூரு பஸ் எரிந்ததை நினைத்துக்கொண்டேன், அதில் செல்பேசிப் பார்சல்களும் இருந்தன. நம் சாமானுக்கு மேலேதான் ஜனங்கள் படுத்துத் தூங்குகிறார்கள். இன்வெர்ட்டர் பேட்டரியை அல்சூரிலேயே விற்றுவிட்டோம்.

மறுநாள் காலை மதுரை மாட்டுத்தாவணியில் அத்தான் ரசீதைக் காட்டி எடுத்துக்கொண்டார். இறக்குகூலி தனி. இரண்டு முனையிலும் பிடித்த குட்டியானை (சின்ன லோடு வண்டி) வாடகை, ஏற்று இறக்கு கூலி எல்லாம் சேர்த்தும் பேக்கர்ஸ் கேட்டதில் பாதி வரவில்லை. அதிலும் நானூறு கிலோமீட்டருக்கு மேல் சுமந்த பஸ் வாங்கியதுதான் கம்மி, அந்த ஐம்பது கிலோமீட்டருக்குத்தான் அதிகம் அழுதோம். அதனால் பேரம் பேசுகிற தெம்பைக் குட்டியானைக்காரரிடம் காட்டுங்கள்.

போவதென்றால் மதியம் போங்கள். இருட்டினால் வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும், உங்கள் பலகையை முழம் போட அங்கே யாருக்கும் நேரமிருக்காது.