காரைக்குடி வெயிலில் எலெக்ட்ரிக் கிட்டார்: ஏழு ஆண்டுச் சுருதி அனுபவம்

ஸ்ட்ராடோகாஸ்டர் அமைப்பிலான எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றை ஏழு ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். செட்டிநாட்டு ஊர்களின் கோயில் திருவிழாக்களிலும் திருமண வரவேற்புகளிலும் கச்சேரி செய்யும் மெல்லிசைக் குழுவில், கீபோர்டுக்குப் பக்கத்தில் எனக்கு இடம். கிட்டாரின் நாதத்தில் நான் குறை கண்டதில்லை. அது சுருதியில் நிற்காததுதான் முதல் மூன்று ஆண்டுகளும் என்னை வாட்டியது. அதை நிற்க வைக்கச் செய்தவற்றில் எது உதவியது, எது வீண் செலவு என்பதை, இதே வெயிலில் கிட்டார் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

வீண் செலவை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பாட்டில் கம்பியை வளைத்து வாசித்தால், அடுத்த பாட்டு தொடங்குவதற்குள் மூன்றாம் கம்பி இறங்கிவிடும். வெளியூர்க் கடை ஒன்றில் காட்டியபோது, ட்யூனிங் கீ தேய்ந்துவிட்டது என்று சொல்லி ஆறையும் மாற்றிக் கொடுத்தார்கள். ஊர் திரும்பி வாசித்த முதல் நிகழ்ச்சியிலேயே அந்தக் கம்பி பழையபடி இறங்கியது. கீயைத் திருகினால் கம்பி இறுகும். ஆனால் கம்பி இழுப்பதால் கீ தானாகப் பின்னோக்கிச் சுழலாதபடிதான் அதன் பற்கள் அமைந்திருக்கின்றன. நல்ல நிலையில் உள்ள கீயைச் சந்தேகிக்கத் தேவையில்லை என்பதை நான் பணம் கொடுத்த பிறகே அறிந்தேன்.

குற்றம் நட்டில் இருந்தது. கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் காடிகளில் அமர்ந்து கீகளுக்குச் செல்லும் சிறு துண்டுதான் நட். ஒரு மத்தியான வேளையில், வீட்டில் எல்லோரும் உறங்கியிருக்க, வளவில் அமர்ந்து மூன்றாம் கம்பியை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டிருந்தேன். கீ சுழல்கிறது, சுருதி காட்டும் கருவியான ட்யூனரின் முள் அசையவில்லை. இன்னும் சிறிது திருகியதும் கழுத்தின் தலைப்பில் ‘டிக்’ என்று ஓர் ஓசை. முள் சுருதியைத் தாண்டிக் குதித்தது. கம்பி நட்டின் காடியில் சிக்கி நின்று, இழுவிசை மிகுந்ததும் விடுபட்டபோது எழுந்த ஓசை அது. வளைத்து வாசிக்கும்போதும் இதுவே நடக்கிறது: நட்டைக் கடந்து இழுபட்ட கம்பி, தன் இடத்துக்கு முழுதாகத் திரும்புவதில்லை. பழைய கம்பித் துண்டில் மெல்லிய உப்புத்தாளைச் சுற்றி, ஆழம் கூடாதபடி காடியின் பக்கங்களை மட்டும் இழைத்து, மென்மையான பென்சிலின் கரியைத் தடவினேன். ஆறு கீகளின் விலை செய்யாததை ஒரு பென்சில் செய்தது. இப்போது கம்பி மாற்றும்போதெல்லாம் கரி தடவாமல் விடுவதில்லை.

அடுத்த வீட்டு ஆச்சி சிறுவயதில் வீணை கற்றவர். சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் சகோதரர்களால் ஊர்ப் பெயரே வீணையோடு சேர்ந்து ஒலிக்கும் காரைக்குடியில் அது வியப்பில்லை. நான் ஏறிய சுருதியை இறக்கி நிறுத்துவதைப் பார்த்துவிட்டு, “தம்பி, ஏறிப்போச்சுன்னா நல்லா இறக்கிட்டு, மறுபடி கீழேயிருந்து ஏத்திக்கிட்டு வா” என்றார். கிட்டாருக்கும் அது அப்படியே பொருந்துகிறது. இறக்கி நிறுத்தினால் கீயின் பற்களுக்கிடையே தளர்ச்சி தங்கி, வாசிக்க வாசிக்கச் சுருதி இறங்கும். வீணையில் பிரடை என்னும் முறுக்காணியால் பெருமளவு சேர்த்தபின், கம்பியின் மறுமுனையில் உள்ள லங்கர் வளையத்தை நகர்த்தி நுண்சுருதி சேர்ப்பதை அவர் விளக்கியபோது, நட்டைப் பூட்டிவிட்டு, கம்பிகளின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜில் உள்ள சிறு திருகுகளால் நுண்சுருதி சேர்க்கும் ஃப்ளாய்ட் ரோஸ் அமைப்பு என் நினைவுக்கு வந்தது.

என் கிட்டாரில் அது இல்லை. ஸ்பிரிங்குகளில் மிதக்கும், கைப்பிடியால் அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் சாதாரண ட்ரெமலோ பிரிட்ஜ்தான். ஸ்பிரிங்கின் இழுப்பும் ஆறு கம்பிகளின் இழுப்பும் சமநிலையில் நிற்பதால், ஒரு கம்பியை ஏற்றினால் மற்ற ஐந்தும் சற்றே இறங்கும். மேடையில் ஒரு கம்பி அறுந்தால் எஞ்சியவை எல்லாம் ஏறிவிடும். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய வீட்டுச் சாமான் விற்கும் கடையில் பர்மா தேக்குத் துண்டு ஒன்று வாங்கி, ஆசாரியிடம் கொடுத்து இரண்டு சிறு ஆப்புகளாகச் சீவி, பிரிட்ஜின் உலோகக் கட்டைக்கு இரு புறமும் இறுக்கிவிட்டேன். ட்ரெமலோ கைப்பிடியின் அசைவை இழந்தேன் என்பது உண்மை. எங்கள் பாட்டுகளுக்கு அது தேவைப்படவில்லை.

ட்யூனரைப் பொறுத்தவரை, வீட்டில் கிட்டாரின் தலையில் கவ்வும் கிளிப் ட்யூனர் போதும். மரத்தின் அதிர்வை அது அளப்பதால், மேடையில் பேஸும் டிரம்மும் அதிரும்போது முள் அலைபாயும். காலால் மிதிக்கும் ட்யூனரான போஸ் டியூ-3 பெடல், கேபிள் வழியாக வரும் ஒலியை மட்டுமே படிக்கிறது. மிதித்தால் ஒலியும் அடங்குவதால் கேட்பவர்களுக்குத் தொல்லையில்லை. நான்கு ஆண்டுகளாக அதில் ஒரு பழுதும் காணவில்லை.

இனி வெயில். ஏசி அறையில் சுருதி சேர்த்த கிட்டாரைச் சித்திரை மாத மேடைக்குக் கொண்டுவந்தால், எஃகு விரிந்து எல்லாக் கம்பிகளும் இறங்குகின்றன. மேலே உலோக இழை சுற்றப்படாத மூன்று கம்பிகளில் மூன்றாவதே மிக அதிகம் இறங்குகிறது. அவற்றில் அதுவே தடித்த கம்பி. தன் தடிமனுக்கு ஏற்ற அளவு நீட்டப்படாமல் நிற்பதால், சிறிய மாற்றமும் அதன் சுருதியில் பெரிதாகத் தெரிகிறது. நட்டில் சிக்கியபோதும் அதுவே முதலில் காட்டிக்கொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம் முன்பே கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்து மேடையில் வைத்துவிட்டு, அதன் பிறகுதான் சேர்க்கிறேன்.

இன்னொரு தவறும் நெடுநாள் செய்தேன். தம்புராச் சுருதியில் பழகிய காதுக்கு ஈ மேஜர் கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டில்) மூன்றாம் கம்பியின் முதல் ஃப்ரெட், அதாவது முதல் மெட்டு, சுருதி சற்று ஏறிக் கேட்டது. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனில் அது இன்னும் உறுத்தியது. காதுக்கு இனிமையாகும்வரை அந்தக் கம்பியை இறக்கினால், ஜி கார்டும் சி கார்டும் கெட்டன. பிழை என் கையில் இல்லை. ஈ ஷட்ஜமானால் அந்த ஃப்ரெட்டின் சுரம் அந்தர காந்தாரம். இயல்பான அந்தர காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து 386 சென்ட் (ஒரு ஸ்தாயியை 1200 பங்காக்கும் அளவு). ஃப்ரெட்டுகள் பன்னிரண்டு சம பங்காகப் பிரிக்கப்பட்ட கிட்டாரில் அது 400 சென்ட். கீபோர்டும் அதே கணக்கில் இயங்குவதால், குழுவில் வாசிப்பவர் ட்யூனர் காட்டுவதையே ஏற்க வேண்டும். தனியே ஈ மேஜரில் மட்டும் ஒலிப்பதிவு செய்யும்போது மூன்றாம் கம்பியைச் சற்று இறக்கிக்கொள்கிறேன். அப்போது அந்தக் கார்டு கேட்க அவ்வளவு நிறைவாக இருக்கிறது.

புதுக் கம்பியைக் கீயில் இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் சுற்றுவதில்லை. ஒவ்வொன்றையும் கையால் இழுத்து, மீண்டும் சேர்த்து, சுருதி அசையாத வரை இதைத் திரும்பச் செய்கிறேன். இத்தனைக்குப் பிறகும் வெக்கை மிகுந்த இரவுகளில் மூன்று பாட்டுக்கு ஒருமுறை பெடலை மிதித்து மூன்றாம் கம்பியைப் பார்த்துக்கொள்கிறேன். மற்ற ஐந்தும் இடைவேளை வரை நிற்கின்றன.