ஸ்கூலுக்கு சைக்கிள்ல போற பொண்ணுக்கு வாங்கின ஹெல்மெட், லைட், பின்னால வர்ற வண்டிய பாக்கற கண்ணாடி: எது உருப்படி எது வேஸ்ட்

கையில காசு கொஞ்சமாத்தான் இருக்குன்னா மொதல்ல பின்னாடி மாட்டற சிவப்பு லைட்ட வாங்குங்க, ஹெல்மெட் அடுத்த மாசம் வாங்கிக்கலாம். இத ஏன் சொல்றேன்னா எல்லாரும் ஹெல்மெட் வாங்கி குடுத்துட்டு பிள்ளை சேஃப்னு விட்டுடறாங்க.

நாங்க புதுக்கோட்டை. பொண்ணு ஒன்பதாவது படிக்குது, ஸ்கூல் முடிஞ்சு அப்படியே டியூஷன், கார்த்திகை மார்கழில ஆறு மணிக்கெல்லாம் இருட்டிடும், அந்த நேரத்துல பின்னால வர்ற கார்க்காரனுக்கு ஒரு கருப்பு சைக்கிள் எங்க தெரியும்?

லைட்டு ஆன்லைன்ல வாங்குனது, யுஎஸ்பி சார்ஜ், நின்னு எரியும், விட்டு விட்டும் எரியும். நல்லா தூரத்துலயே தெரியுது. ஆனா அதை சீட்டுக்கு கீழ கம்பில மாட்டுற மாதிரிதான் குடுக்கறாங்க, நம்ம பிள்ளைங்க சைக்கிள்ல கேரியர் இருக்கும், கேரியர்ல ஒரு மூட்டை கணக்கா புக் பேக் இருக்கும், லைட்டு அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குது! கீழ ராஜ வீதி பக்கம் ஒரு சின்ன சைக்கிள் கடை, அந்த அண்ணன்தான் பாத்துட்டு ஒரு கிளாம்ப் போட்டு பின் மட்கார்டு மேல மாத்தி குடுத்தாரு. வாங்குறவங்க இதை கண்டிப்பா செய்ங்க, இல்லன்னா லைட்டே போடாத மாதிரிதான்.

அதே அண்ணன் பிரேக் கட்டை தேஞ்சிருக்குன்னு மாத்தினாரு, கால் தரையில எட்டுற அளவுக்கு சீட்ட இறக்குனாரு, துப்பட்டா சக்கரத்துல சிக்காம இருக்க டிரஸ் கார்டு போட்டாரு. டிபன் பேக்க ஹேண்டில்பார்ல தொங்க விடாதம்மா, திருப்பும்போது இழுக்கும்னு பொண்ணுகிட்டயே சொன்னாரு. நான் சொன்னா கேக்காது, அவரு சொன்னதும் கேட்டுக்கிச்சு. பார்ட்ஸ் விலை தனி, கூலி ரொம்ப கம்மியாத்தான் வாங்கினாரு.

ஹெல்மெட்டுக்கு வர்றேன். உள்ள ஈஎன் 1078னு ஸ்டிக்கர் இருக்கான்னு பாருங்க, அது சைக்கிள் ஹெல்மெட்டுக்கான ஐரோப்பிய தரம். அப்பாவோட பைக் ஹெல்மெட்ட மாட்டி அனுப்பாதீங்க, வெயிட்டு, காதையும் மூடிடும், பின்னால ஹாரன் அடிச்சா சரியா கேக்காது. புருவத்துக்கு மேல ரெண்டு விரல் அளவுதான் இடைவெளி இருக்கணும், தாடைப் பட்டை லூசா தொங்கக் கூடாது. ஒரு தடவை பலமா அடிபட்டா வெளிய ஒண்ணும் தெரியலன்னாலும் மாத்திடணும், உள்ள இருக்கற தெர்மாகோல் மாதிரி ஃபோம் நசுங்கித்தான் அடிய வாங்கிக்குது, திரும்ப அது பழைய மாதிரி ஆகாது.

இதுல ஒரு பிரச்சனை, எந்த ரிவியூலயும் நான் பாக்கல. ரெட்டை ஜடைய மடிச்சு ரிப்பன் கட்டிட்டா ஹெல்மெட் உக்காரவே மாட்டேங்குது, பட்டை ஜடைல மோதி மேல தூக்கிக்குது. இப்போ ஜடைய நல்லா தாழ்த்தி பின்னி விடறோம். பொம்பளப் பிள்ளைங்களுக்கு மடிச்சு கட்டணும்னு ரூல் வச்சிருக்கற ஸ்கூலுங்க சைக்கிள்ல வர்ற பிள்ளைங்களுக்காச்சும் அத விட்டுக் குடுக்கணும்.

இன்னொண்ணு, அந்த ஈஎன் 1078 தரத்துல ஹெல்மெட்ட டெஸ்ட் பண்றது ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்துல இருந்து கீழ போட்டு, அதாவது மணிக்கு 20 கிமீ வேகத்துல தரையில மோதற மாதிரி. சைக்கிள்ல இருந்து தானா விழுந்தா காப்பாத்தும். 60ல வர்ற வேனுக்கு முன்னாடி எந்த ஹெல்மெட்டும் போதாது. 1991ல இங்க எழுதப் படிக்க சொல்லித் தர்ற அறிவொளி இயக்கம் நடந்தப்போ, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்துல, ஊர் ஊரா பொம்பளைங்க சைக்கிள் ஓட்ட கத்துக்கிட்டாங்க, எங்க அம்மாவும் அப்பதான் கத்துக்கிட்டாங்க. இன்னிக்கு அதே அம்மா பேத்திய மெயின் ரோட்டுல அனுப்பவே பயப்படறாங்க, காரணம் வண்டிங்களோட வேகம்தான். ஆட்கள் நடக்கற, சைக்கிள் ஓட்டற இடத்துல 30 கிமீக்கு மேல கூடாதுன்னு 2020ல சாலைப் பாதுகாப்புக்காக நடந்த உலக மாநாட்டோட ஸ்டாக்ஹோம் பிரகடனத்துலயே சொல்லிட்டாங்க. நம்ம ஸ்கூல் வாசல்ல ஸ்பீட் பிரேக்கரும் நல்ல நடைபாதையும் வேணும்னு பெத்தவங்க கூட்டத்துல எல்லாரும் சேந்து கேளுங்க. கார்ல கொண்டு விடறவங்க கேட்டை அடைச்சு நிறுத்தாம கொஞ்சம் தள்ளி இறக்கி விட்டாலே நடந்து வர்ற குட்டிப் பிள்ளைங்களுக்கு பாதி பயம் போயிடும்.

நாங்க இப்போ தெருப் பிள்ளைங்கள எல்லாம் ஒண்ணா கிளப்பி விடறோம், கொஞ்சம் சுத்தினாலும் உள் தெரு வழியா. கூட்டமா போனா வண்டிக்காரங்களே ஸ்லோ பண்றாங்க.

கண்ணாடி வாங்காதீங்க. ஸ்கூல் சைக்கிள் ஸ்டாண்டுல நெருக்கி நிறுத்தும்போது டெய்லி திரும்பிக்குது, ஓட்டும்போது ஆடுது. அந்த காசுக்கு நம்பர் பிளேட் ஒட்டற கடையில ரேடியம் ஸ்டிக்கர் வெட்டி வாங்கி மட்கார்டு, பெடல், புக் பேக் எல்லாத்துலயும் ஒட்டுங்க. ப்ளஸ் ஒன்ல கவர்மெண்ட் சைக்கிள் வாங்கற பிள்ளைங்களுக்கும் இதத்தான் சொல்வேன்.

லைட்டுக்கு 5க்கு 5, ஹெல்மெட்டுக்கு 4, கண்ணாடிக்கு 1, கடை அண்ணனுக்கு 5. ஹெல்மெட் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி நெத்திய சுத்தி டேப் வச்சு சென்டிமீட்டர்ல அளந்துக்கங்க, வயச பாத்து சைஸ் போட்டா சரியா வராது.